ரோட்டில் கொட்டும் உப்பு: டொராண்டோ குளிர்காலத்துக்கு ஒரு கேள்வி பதில்

நான் தூத்துக்குடிக்காரன். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன். கனடா வந்த முதல் டிசம்பரில், ஒரு லாரி பின்பக்கமாக உப்பைச் சுழற்றி வீசிக்கொண்டே போனதைப் பார்த்து வாயடைத்துப்போய் நின்றேன். காலில் உப்பு மிதிபட்டாலே வீட்டில் திட்டு விழும், இங்கே டன் கணக்கில் தெருவில் கொட்டுகிறார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பதினோரு குளிர்காலம் போன பிறகு அந்த அதிர்ச்சி போய்விட்டது. ஆனால் புதிதாக வருகிற நம்மவர்கள் வருடா வருடம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் லிங்க் அனுப்பிவிட்டுத் தப்பிக்கலாமே என்றுதான் இது.

உப்பு எப்படி ஐஸை உருக்குகிறது? அது சூடா?

சூடெல்லாம் இல்லை. குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் ஐஸைப் போட்டு மேலே கல்லுப்பைத் தூவுவாரே, அதே சங்கதிதான். சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உறையும், உப்புத் தண்ணீர் அதற்கும் கீழே போனால்தான் உறையும். நூற்றுக்குப் பத்து பங்கு உப்பு கலந்த தண்ணீர் கிட்டத்தட்ட மைனஸ் 6 வரை தாங்கும், 23 பங்கு கலந்தால் மைனஸ் 21 வரை. ஐஸின் மேல் எப்போதும் இருக்கும் மெல்லிய ஈரத்தில் உப்பு கரைந்து, அந்த உப்புத் தண்ணீர் பக்கத்து ஐஸைக் கரைத்து, அப்படியே அடியில் இறங்கிப் போகும்.

பலருக்குப் புரியாத ஒன்று இதில் இருக்கிறது. கிடக்கிற பனி முழுவதையும் உருக்குவது உப்பின் வேலை கிடையாது. தாருக்கும் ஐஸுக்கும் இடையில் இருக்கும் ஒட்டை விடுவிப்பதுதான் வேலை. தோசைக்கல்லில் ஒட்டிய தோசைக்கு ஓரத்தில் எண்ணெய் விடுகிற மாதிரி. ஒட்டு விட்டுவிட்டால் மிச்சத்தை வழிக்கும் வண்டி தள்ளிவிடும். நீங்கள் பனியை அள்ளாமல் அதன் மேலேயே உப்பைக் கொட்டினால், எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று தோசையை எண்ணெயில் முக்கிப் பொரித்த கதைதான்.

எவ்வளவு குளிர் வரை வேலை செய்யும்?

கணக்கில் மைனஸ் 21, நிஜத்தில் அவ்வளவு போகாது. மைனஸ் 1-ல் ஒரு கிலோ உப்பு சுமார் 46 கிலோ ஐஸை உருக்கும். மைனஸ் 7-க்கு வந்தால் அதே ஒரு கிலோ 8 கிலோ சொச்சத்தைத்தான் உருக்கும், மைனஸ் 12-ல் 5 கிலோ. அதுவும் மெதுவாக. மைனஸ் 10-க்குக் கீழே போன ராத்திரியில் டிரைவ்வேயில் (வீட்டு வாசலில் கார் ஏறும் பாதை) உப்பு தூவுவது, உள்ளதைச் சொன்னால், காசைத் தூவுவது.

இன்னொன்று, பார்க்க வேண்டியது தரையின் வெப்பநிலையை, போன் காட்டுகிற காற்றின் வெப்பநிலையை இல்லை. வெயில் பட்ட தார் ரோடு காற்றைவிடச் சூடாக இருக்கும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் அது ரோட்டுக்கு முன்னாலேயே உறைந்துவிடும். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இது நாம் சாப்பிடுகிற உப்புதானா? எங்கிருந்து வருகிறது?

வேதியியல்படி அதேதான், சோடியம் குளோரைடு. ஆனால் சுத்தம் செய்யாதது, சாம்பல் நிறம், மண்ணும் கல்லும் கலந்தது, கட்டியாகாமல் இருக்க ஃபெர்ரோசயனைடு வகை உப்பு ஒன்றைத் துளி சேர்த்திருப்பார்கள். சமையலுக்கு ஆகாது. (கேட்டவர் இருக்கிறார், அதனால் சொல்கிறேன்.)

வரும் இடம்தான் சுவாரசியம். டொராண்டோவுக்கு மேற்கே, ஹியூரான் ஏரிக்கரையில் காட்ரிச் என்று ஒரு சின்ன ஊர். 1866-ல் அங்கே எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டுப் பார்த்தவர்களுக்கு உப்புதான் கிடைத்தது. இன்றைக்கு அங்கே ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் இருப்பது உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். 40 கோடி வருடத்துக்கு முன்னால் வற்றிப்போன கடலின் உப்பு அது. நாம் ஊரில் கல்லுப்பு என்று சொல்வது கடல் தண்ணீரைப் பாத்தியில் காயவைத்து எடுப்பது, நிஜமாகவே கல்லை வெடிவைத்து எடுக்கிற உப்பு இதுதான். 2018-ல் அந்தச் சுரங்கத்தில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூலை வரை வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே வேலை நின்றால் ஒன்டாரியோ நகரசபைகளுக்கெல்லாம் அடுத்த குளிர்காலத்தை நினைத்து வயிற்றில் புளி கரையும்.

உப்பே போடாமல் விட்டால் என்ன ஆகும்?

ஆட்கள் சாவார்கள். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் 1992-ல் ஓர் ஆய்வு செய்தார்கள்: உப்பு போடுவதற்கு முந்தைய சில மணி நேரத்தையும் போட்ட பிறகான சில மணி நேரத்தையும் ஒப்பிட்டால், இருவழிச் சாலைகளில் விபத்து விகிதம் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது உப்பு உற்பத்தியாளர்களின் சங்கம் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும் திசை சரி. பிளாக் ஐஸில் (தாரோடு தாராகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ்) ஒரு தடவை பிரேக் போட்டுப் பார்த்தவருக்கு ஆய்வு தேவையில்லை. எனக்கு மார்க்கம் ரோட்டில் அந்த அனுபவம் உண்டு, கார் சிக்னலைத் தாண்டி, ஏதோ யோசனையில் நடந்து போகிறவர் மாதிரி, தன் பாட்டுக்குப் போய் நின்றது.

அதோடு ஆம்புலன்ஸ், பள்ளிப் பேருந்து, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிற நம் ஆட்கள். பெரிய சாலை, மேடு, பேருந்துத் தடம், ஆஸ்பத்திரி வாசல், இங்கெல்லாம் உப்பு போடுவது செலவுக்குத் தகுந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் தாண்டிக் கொட்டுவதில்தான் என் சண்டை.

பனி வருவதற்கு முன்னாலேயே ரோட்டில் நேர்நேராக வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. அது என்ன?

உப்புக் கரைசல். 23 சதவீத உப்புத் தண்ணீரைக் குழாய் வரிசையாகத் தெளித்துவிட்டுப் போவார்கள், காய்ந்ததும் கோடு தெரியும். பனி விழுந்து தாரோடு ஒட்டுவதற்கு முன்னாலேயே கீழே உப்பு காத்திருக்கும், அதனால் மொத்தத்தில் குறைவான உப்பு போதும். கல்லாகப் போடும்போதும் கொஞ்சம் நனைத்துப் போடுவது நல்லது. காய்ந்த உப்பு லாரியிலிருந்து விழுந்ததும் துள்ளி ஓடும், சுமார் மூன்றில் ஒரு பங்கு ரோட்டை விட்டே ஓரத்துக்குப் போய்விடும். நனைத்த உப்பு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய லாரியில் இந்த வசதி இருக்காது. வீட்டு வாசலில் நாம் போடுவதும் காய்ந்த உப்புதான்.

கார் துருப்பிடிக்கும் என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

முழுக்க உண்மை. தூத்துக்குடியில் கடற்காற்றில் ஜன்னல் கம்பி ஐந்தே வருடத்தில் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தவன் நான். இங்கே கடல் இல்லை, கடலை லாரியில் கொண்டுவந்து காருக்கு அடியில் தெளிக்கிறார்கள்.

என் முதல் கார் ஒன்பது வயது செடான். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் சர்வீஸில் மெக்கானிக் காரை லிஃப்டில் தூக்கிவிட்டு என்னை அடியில் கூப்பிட்டார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிரைவர் சீட்டுக்குக் கீழே மெதுவாக ஒரு குத்து. அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பிரேக் பைப்பும் அதே நிலை.

அதிலிருந்து கற்றது: பழைய கார் வாங்கினால் அடியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்கும் முன், அடிப்பாகத்துக்கு எண்ணெய் அடியுங்கள். குளிர்காலத்தில் கார் கழுவப் போனால் மேலே மட்டும் கழுவாமல் அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுகிற இடமாகப் பாருங்கள். சூடான கராஜில் உப்பு ஒட்டிய காரை நிறுத்துவது நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், உண்மையில் துருவுக்கு வெதுவெதுப்பும் ஈரமும் பிடிக்கும். வெளியே உறைந்து கிடக்கிற கார் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும்.

கார் என் பிரச்சினை. பாலம், கட்டிடம்?

இதைத்தான் பலரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியை அரிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும், அதனால் கம்பி வீங்கி கான்கிரீட்டை உள்ளிருந்து உடைக்கும். டொராண்டோவின் கார்டினர் மேம்பாலத்தில் 2012-ல் கான்கிரீட் துண்டுகள் கீழே விழுந்துகொண்டிருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 1950களிலும் 60களிலும் கட்டியது, அதைப் பழுது பார்த்து இன்னும் முடியவில்லை.

கியூபெக்கில் லாவால் ஊரில் 2006 செப்டம்பர் 30 அன்று ஒரு மேம்பாலம் இடிந்து 5 பேர் செத்தார்கள். கம்பி கட்டியதில் தவறு, கான்கிரீட் தரமும் சரியில்லை, அந்த மோசமான கான்கிரீட்டை உறைந்து உருகும் தண்ணீரும் உப்பும் சேர்ந்து சிதைத்திருந்தன.

என்னை அதிகம் உலுக்கியது எலியட் லேக். ஒன்டாரியோவின் வடக்கே ஒரு சின்ன ஊர், அங்கே ஆல்கோ சென்டர் என்று ஒரு மால். 1980-ல் திறந்தது, மொட்டை மாடியில் கார் நிறுத்தும் இடம். ஆரம்பத்திலிருந்தே ஒழுகல். கார்கள் டயரில் கொண்டுவந்த உப்பு உருகிய பனியோடு சேர்ந்து முப்பது வருடம் கூரை வழியாகச் சொட்டியது. கடைக்குள் வாளி வைத்துப் பிடித்தார்கள், தார்ப்பாய் கட்டினார்கள், கட்டிடம் கைமாறியது, ஒழுகல் மட்டும் மாறவில்லை. 2012 ஜூன் 23, சனிக்கிழமை மதியம், கூரையின் ஒரு பகுதி கார் நிறுத்துமிடத்தோடு உள்ளே விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: ஓர் உத்தரமும் தூணும் சேரும் இடத்து வெல்டிங், கடலோரத்தில் கிடந்த இரும்பு போல அரித்துப்போயிருந்தது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் அது. அடுக்குமாடிக் கட்டிடத்தின் பார்க்கிங்கில் கூரையிலிருந்து வெள்ளையாகப் படிந்து சொட்டினால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாளி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உருகிய உப்பு கடைசியில் எங்கே போகிறது?

சாக்கடை வழியாக ஓடைக்கு, ஓடையிலிருந்து ஏரிக்கு. ஸ்கார்பரோவில் என்றால் ஹைலண்ட் கிரீக், அங்கிருந்து ஒன்டாரியோ ஏரி. மழைநீர் வடிகாலில் போவது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. போனாலும் பயனில்லை, ஏனென்றால் குளோரைடை அங்கே பிரித்தெடுப்பதில்லை. அது மட்காது, படியாது, ஆவியாகாது. எவ்வளவு தண்ணீர் சேர்கிறதோ அவ்வளவு நீர்க்கும், வேறொன்றும் நடக்காது. ஒரு டீஸ்பூன் உப்பு போதும், ஏறக்குறைய இருபது லிட்டர் நல்ல தண்ணீரை நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாததாக்க. கனடாவின் வழிகாட்டு அளவு, உயிர்கள் நீண்ட நாள் தாங்குவதற்கு, லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. குறுகிய காலத்துக்கு 640. நகரத்து ஓடைகளில் ஜனவரி உருகலின்போது இந்த இரண்டாவது அளவையும் தாண்டிப் போகிறது.

உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் இன்னொரு வம்பு. ஏரியின் அடியில் போய்த் தங்கிவிடும். ஏரித் தண்ணீர் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மேல் கீழாகப் புரண்டுதான் ஆழத்துக்கு ஆக்ஸிஜன் போகிறது. அடியில் உப்புக் கனம் உட்கார்ந்துகொண்டால் புரளாது. நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பக்கம் ஐரண்டிக்வாய் விரிகுடாவில் 1970 வாக்கில் இதைத்தான் கண்டார்கள். அந்தப் பகுதியில் உப்பைக் குறைத்த பிறகு தண்ணீர் மறுபடி பழையபடி கலக்கத் தொடங்கியது. அந்த விஷயத்தில் எனக்கு அது ஓர் ஆறுதல்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? எனக்கு பிரஷர் இருக்கிறது.

டொராண்டோவில் குடிக்கலாம், அது பெரிய ஏரியின் தண்ணீர், நீர்த்துத்தான் வருகிறது. நிலத்தடி நீரை நம்பியிருக்கிற ஊர்களில் கதை வேறு. கிச்சனர், வாட்டர்லூ பகுதி பெரும்பாலும் கிணற்று நீரைத்தான் குடிக்கிறது, அங்கே சில கிணறுகளில் உப்பு வருடா வருடம் ஏறுகிறது. ஒன்டாரியோவில் தண்ணீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும், உப்பு குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்காக. அதனால் சோடியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊர் தண்ணீர் அறிக்கையைப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் ஊறுகாயை ஒதுக்காமல் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டுப் பிரயோஜனமில்லை.

மரம், விலங்கு?

ரோட்டோர சீடர், பைன் மரங்களைப் பாருங்கள், ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் பழுப்பாகக் கருகியிருக்கும். நல்ல செடி போன இடத்தில் உப்பைத் தாங்குகிற ஃபிராக்மிட்டிஸ் நாணல் வந்துவிடும், நெடுஞ்சாலை ஓரம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறதே அதுதான். மூஸ் மான்கள் உப்புக்காக ரோட்டுக்கு வரும். ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் 2020-ல் 'மூஸ் உங்கள் காரை நக்க விடாதீர்கள்' என்று மின்பலகையே வைத்தார்கள். படிக்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ரோட்டுக்குப் பழகிய மூஸ் மேல் கார் மோதினால் இரண்டு பக்கமும் உயிர் போகும். நாய் வளர்ப்பவர்கள் வாக்கிங் முடிந்ததும் பாதத்தைத் துடைத்துவிடுங்கள்.

மண் போடலாமே? பீட்ரூட் சாறு என்று ஏதோ சொல்கிறார்களே?

மண் உருக்காது, பிடிப்பு மட்டும் தரும். மைனஸ் 20-ல் அதுதான் சரி, கால்கரி மாதிரி ஊர்களில் மண்ணும் சரளையும்தான் அதிகம். வசந்தத்தில் அவ்வளவையும் கூட்டி அள்ள வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடை அடைக்கும்.

பீட்ரூட் என்பது நம் பொரியல் பீட்ரூட் இல்லை, சர்க்கரை எடுக்கிற வெள்ளை பீட். அதன் கழிவுச் சாற்றை உப்புக் கரைசலில் கலந்தால் ஒட்டுப்பிடிக்கும், கொஞ்சம் கூடுதல் குளிரைத் தாங்கும். ஆனால் ஓடைக்குப் போனதும் அது அழுகி ஆக்ஸிஜனைத் தின்னும். கால்சியம் குளோரைடு இன்னும் கீழே வரை வேலை செய்யும். எட்மன்டன் நகரம் அதன் கரைசலை 2017-லிருந்து சோதித்துப் பார்த்தது, கார், கான்கிரீட், கராஜ் தரை எல்லாம் கெடுகிறது என்று மக்கள் சத்தம் போட, 2019-ல் நகரசபை நிறுத்திவிட்டது. குற்றமில்லாத மாற்று ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை.

இவ்வளவு கெடுதல் என்றால் அரசு தடை செய்ய வேண்டியதுதானே?

கனடா அரசு 2001 டிசம்பரில் ஆய்வு முடித்து, சாலை உப்பு சுற்றுச்சூழல் சட்டப்படி நச்சுத்தன்மை உள்ளது என்றே சொல்லிவிட்டது. நாடு முழுக்க வருடத்துக்கு சுமார் 50 லட்சம் டன் போகிறது என்பது அப்போதைய கணக்கு. தடை வரவில்லை. 2004-ல் ஒரு நடைமுறை விதித்தொகுப்பு வந்தது, வருடத்துக்கு 500 டன்னுக்கு மேல் போடுகிறவர்கள் திட்டம் எழுத வேண்டும், உப்பைக் கூரைக்குக் கீழே சேமிக்க வேண்டும் என்கிற மாதிரி. கட்டாயமில்லை. நகரசபைகள் ஓரளவு திருந்தின. லாரியில் கணக்கு பார்த்து விடும் கருவி, ஜிபிஎஸ் எல்லாம் வந்தது.

அப்படியானால் அளவுக்கு மீறிக் கொட்டுவது யார்?

மால் பார்க்கிங்கில் போய்ப் பாருங்கள். பனியே இல்லாத நாளில் காலுக்கடியில் நறநறவென்று மிதிபடும். தனியார் ஒப்பந்தக்காரர்கள்தான். அவர்களைத் திட்டியும் பயனில்லை, ஒருவர் வழுக்கி விழுந்து வழக்கு போட்டால் ஒப்பந்தக்காரரின் தொழிலே போய்விடும், உப்போ மலிவு. கொட்டியதற்கு ஏற்ப பில் போடும் ஒப்பந்தமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்டாரியோவில் 2021 ஜனவரி கடைசியிலிருந்து, தனியார் இடத்தில் பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள், அது கொஞ்சம் உதவி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே: அளவாகப் போடப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிய ஒப்பந்தக்காரருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. ஒன்டாரியோ இதைக் காப்பியடித்தால் நான் கைதட்டுவேன்.

என் வீட்டு வாசலுக்கு எவ்வளவு போட வேண்டும்?

முதலில் அள்ளுங்கள். நன்றாக அள்ளிவிட்டால் பாதி நாள் உப்பே தேவைப்படாது. அப்புறம், ஒரு காபி மக் உப்பு இருபது அடி டிரைவ்வேக்குப் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நீளம் இடைவெளி இருக்கலாம், கரைந்து தானாகவே பரவும்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா நான் மக்கில் அளந்து தூவுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, உது காணாது, இன்னும் கொஞ்சம் போடுங்கோ, நான் விழுந்தால் ஆர் பாக்கிறது?" என்பார். அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனது, பயம் நியாயமானது. அவர் படியில் மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு, கைப்பிடி ஓரமாக மண்ணும் தூவி வைப்பேன். மைனஸ் 15 ராத்திரியில் அந்த மண்தான் அவரைக் காப்பாற்றும், உப்பு இல்லை.

பூட்ஸில் வெள்ளைத் திட்டு படிகிறதே?

வினிகரும் தண்ணீரும் சம அளவு, துணியில் நனைத்துத் துடைத்தால் போகும். ஹீட்டர் மேல் வைத்துக் காயவைக்காதீர்கள், தோல் வெடிக்கும்.

பனி போன பிறகு தரையில் கிடக்கும் உப்பை என்ன செய்வது?

தண்ணீர் விட்டுக் கழுவித் தெருவில் தள்ளாதீர்கள், அது நேரே ஓடைக்குத்தான் போகும். விளக்குமாற்றால் கூட்டி ஒரு பக்கெட்டில் மூடி வையுங்கள். என் கராஜில் போன மார்ச்சில் கூட்டிய உப்பு முக்கால் பக்கெட் இருந்தது, இந்த டிசம்பரின் முதல் இரண்டு பனிக்கும் அதுவே சரியாக வந்தது.